நான் கற்றுக்கொடுத்த 'சரிங்க'

கண்ணு,

வீட்டில் உன்னை நான் 'நீங்க' என்றுதான் சொல்கிறேன். 'சாப்பிட்டீங்களா', 'குளிச்சாச்சுங்களா', 'ஃபேனை நிறுத்தட்டுங்களா' என்று பதினாறு வருஷமாக நம் வீட்டில் அம்மா மகனிடம் பேசுகிற பேச்சு இதுதான். இந்தக் கடிதத்தில் மட்டும் 'நீ' என்று எழுதுகிறேன். குழம்பிவிடாதே. கோபத்தில் எழுதவில்லை, பயத்தில்தான் எழுதுகிறேன். வருகிற திங்கட்கிழமை நீ அவிநாசிபாளையத்துக்கு வேலைக்குப் போகிறாய். அதற்குள் உன்னிடம் ஒரு விஷயத்தை முழுதாகச் சொல்லிவிட வேண்டும். வாயால் சொன்னால் நடுவிலேயே நீ 'சரிங்க' என்பாய், அதோடு பேச்சு முடிந்துவிடும். எழுத்துக்கு நடுவில் 'சரிங்க' சொல்ல முடியாது.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து நடத்துகிற சிறு இதழுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கிரேஸ் டீச்சர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்து வயதிலிருந்து உனக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் கேட்கும்போது மறுப்பது சங்கடம்தான். ஆனால் எனக்கு அந்த மாதிரி எழுத்தில் நம்பிக்கை கிடையாது. எல்லாரும் ஜெயித்த கதையை மட்டும் எழுதுகிறார்கள். நான் எழுதினால் நான் செய்த தப்பைத்தான் எழுதுவேன் என்றேன். "அதத்தான் மேடம் கேக்கேன்" என்றார். ஆகவே இது உனக்கும் கடிதம், உன்னைப்போல ஒரு பிள்ளையை இப்போது மடியில் வைத்திருக்கிற யாரோ ஒருத்திக்கும் கடிதம்.

உனக்கு ஐந்து வயதில் வார்த்தைகள் நிறைய இருந்தன. ஆனால் ஒன்றுகூட உன்னுடையதில்லை. நாங்கள் கேட்டதையே திருப்பிச் சொல்வாய். 'தண்ணி வேணுமா?' என்று நான் கேட்டால் 'தண்ணி வேணுமா?' என்பாய். தாகம் எடுத்தால் நீயாகவே வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு 'தண்ணி வேணுமா?' என்பாய். அப்படித்தான் நீ தண்ணீர் கேட்டாய். எனக்கு அது புரிந்தது, அதனால் அது ஒரு பிரச்சினையாகவே எனக்குத் தோன்றவில்லை. பொங்கலூரில் உன் பெரியப்பா வீட்டு விசேஷத்துக்குப் போனபோதுதான் தோன்றியது. பெரியப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு, "என்ன கண்ணு, நல்லா இருக்கியா? சாப்பிட்டியா?" என்றார். நீ அவர் மீசையைப் பார்த்துக்கொண்டே, அவர் குரலிலேயே, "என்ன கண்ணு, நல்லா இருக்கியா? சாப்பிட்டியா?" என்றாய். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாம் முறையும் சொன்னபோது அவர் உன்னை இறக்கிவிட்டார். பந்தியில் என் பின்னாலிருந்து ஒரு குரல்: "படிச்ச அம்மா வளர்த்த புள்ள பாருங்க. பெரிய மனுசனை 'நீ, வா'ங்குது." இன்னொரு குரல்: "எம்.எஸ்.சி.ல 'ங்க' சொல்லித் தர மாட்டாங்களாட்ட இருக்குது."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. இலையில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டேன். அந்தக் காலத்தில் எனக்கு வெட்கம் வந்தால் அப்படித்தான், சத்தமில்லாமல் சாப்பிடுவேன். நம் பக்கத்தில் ஒருவன் படிக்கவில்லையென்றால் மன்னிப்பார்கள், சம்பாதிக்கவில்லையென்றாலும் பொறுத்துக்கொள்வார்கள். வாயில் 'ங்க' இல்லையென்றால் அவன் மனுஷனில்லை. நீ திருப்பிச் சொல்கிற பிள்ளை. பெரியவர்கள் குழந்தையிடம் 'ங்க' போடாமல் பேசுகிறார்கள், நீ அதையே அவர்களுக்குத் திருப்பித் தருகிறாய். குற்றம் உன்னிடம் இல்லை, உன் காதில் விழுகிற பேச்சில் இருக்கிறது என்று எனக்கு அந்தப் பந்தியிலேயே தெரிந்துவிட்டது. அதற்கு நான் கண்டுபிடித்த வைத்தியம்தான் இன்றுவரைக்கும் நடக்கிறது. வீட்டுக்கு வந்த மறுநாளிலிருந்து உன்னை 'நீங்க' என்றேன். நீ திருப்பிச் சொல்லும்போது அது மரியாதையாக வெளியே வரும் அல்லவா? உங்கப்பாவுக்கு வேடிக்கையாக இருந்தது. "ஏனுங்க சார், பல்லு விளக்கியாச்சுங்களா?" என்று உன்னிடம் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். பக்கத்து வீட்டில் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டதும் காதில் விழுந்தது. பொருட்படுத்தவில்லை.

அந்த மாதம்தான் உன்னைக் கிரேஸ் டீச்சரிடம் கொண்டுபோனேன். நாசரேத் பக்கத்திலிருந்து வந்தவர். அவர் வீட்டுக்காரர் நிட்டிங் கம்பெனியில் ஃபிட்டராக வேலைக்கு வந்து, குடும்பம் இங்கேயே தங்கிவிட்டது. மாடியில் ஒரே அறை, ஒரு பாய், ஒரு பெட்டி நிறைய படங்கள். முதல் நாள் அவரை நான் வேலைக்கு ஆள் எடுப்பதுபோலக் கேள்வி கேட்டேன். எத்தனை பிள்ளைகள், எத்தனை மாதம், எதை வைத்து அளப்பீர்கள் என்று. அவர் பொறுமையாக, தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னார். அதற்காகத்தான் அவரிடம் உன்னை விட்டேன். பிறகு அவர் சொன்னார்: "மொதல்ல 'வேண்டாம்' சொல்லித் தருவோம் மேடம். அடுத்தது 'நிறுத்து'. அப்புறம் 'புரியல'. 'ங்க' பெறவு வரட்டும்."

"வேண்டாம்ங்கறது அவனுக்கு ஏற்கெனவே தெரியுங்க. தரையில உருள்றானே."

"அதான் மேடம். உருளாம சொல்லுததுக்குத்தான் வார்த்தை."

நான் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது இன்னொரு பந்தியில் தலைநிமிர்ந்து உட்கார்வது. நாலு பேர் மத்தியில் ஒழுங்காகப் பதில் சொல்லட்டும், மறுத்துப் பேசுவதை உலகம் தானாகக் கற்றுக்கொடுக்கும் என்று வாதாடினேன். அவர் என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர், அப்போதுதான் தொழிலுக்கு வந்தவர். கடைசியில் என் வழிக்கு வந்தார். முழுதாக வரவில்லை, உன்னிடம் அவருக்குரிய வேலையையும் செய்துகொண்டேதான் இருந்தார். படத்தில் அழுகிற பெண்ணைக் காட்டி, இவள் எதைத் தொலைத்திருப்பாள் என்று கேட்பார். நீ பெண்ணைப் பார்க்காமல் அவள் பின்னாலிருந்த கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்வாய். அதையும் பதிலாக ஏற்றுக்கொண்டு, "சரியாச் சொன்னலே. இந்த மணிக்கு அவ எங்க போவா?" என்று அங்கிருந்தே தொடங்குவார். உன்னைத் தன் பக்கம் இழுக்காமல் தான் உன் பக்கம் நகர்ந்து உட்கார்வார். கண்ணைப் பார்த்துப் பேசு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நான்தான் சொன்னேன். வீட்டில், தாடையைப் பிடித்துத் திருப்பி, பலமுறை சொன்னேன். அதற்கும் இங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

'சரிங்க' உனக்கு ஏழு வயதில் வந்தது. நான் 'செருப்பைப் போடுங்க, சரிங்களா?' என்றேன், நீ 'சரிங்க' என்றாய். முதல் முறையாக நான் சொன்னதை அப்படியே திருப்பாமல், வேறொன்றாகப் பதில் சொன்னாய். வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு ஊரே அதைக் கொண்டாடியது. பெரியப்பா, "தங்கமான பையன், எதுக்கும் மறுத்து ஒரு வார்த்தை பேச மாட்டான்" என்றார். பள்ளிக்கூடத்தில் அதையே சொன்னார்கள். நீ படித்து முடித்து முதன்முதலாகப் போன பனியன் கம்பெனியிலும் அதையேதான் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் எனக்குப் பெருமையாக இருந்தது. டீச்சரிடம் போவதை உன் பதினோராம் வயதில் நிறுத்திவிட்டேன். இனி என்ன, பையன் பேசுகிறானே.

என் வேலை உனக்குத் தெரியும். சாயப்பட்டறை லேபில் நிறம் பொருத்திப் பார்ப்பது. வாடிக்கையாளர் அனுப்பிய மாதிரித் துண்டையும் நாங்கள் சாயம் ஏற்றிய துண்டையும் விளக்குப் பெட்டிக்குள் ஒட்டி வைத்து, பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், மஞ்சள் பல்பு வெளிச்சம் என்று மாற்றி மாற்றிப் பார்ப்போம். ஒரு வெளிச்சத்தில் அச்சாக ஒத்துப்போகிற நிறம் இன்னொரு வெளிச்சத்தில் வேறாகத் தெரியும். ஒரே வெளிச்சத்தில் பார்த்துவிட்டு யாராவது பாஸ் போட்டால் நான் சும்மா விடமாட்டேன். உன் 'சரிங்க'வை என் வெட்கத்தின் வெளிச்சத்தில் மட்டும் பார்த்துப் பாஸ் போட்டவள் நான்தான்.

போன தை மாதம் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நீ தைத்த துணியில் குறை பார்க்கிற செக்கிங் பகுதியில் இருந்தாய். அயர்ன் மேசையில் ஆள் குறைவென்று அங்கிருந்த மாஸ்டர் உன்னைக் கூப்பிட்டார். "காலரைச் சுருங்காம இழுத்துப் புடிச்சுக்கோ கண்ணு. நான் சொல்ற வரைக்கும் உட்றாத, சரியா?" நீ சரிங்க என்றாய். நீராவி உன் விரல்மேல் அடித்தது. நீ விடவில்லை. அடுத்த சட்டை, அதற்கடுத்த சட்டை. எத்தனையாவது சட்டையில் அவர் உன் கையைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் தைரியமில்லை. இடது கையில் மூன்று விரல்கள். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தபோது நீ கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் இருந்த கண் பரிசோதனை அட்டையை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தாய். "ஏங்க கையை எடுக்கல?" என்று கேட்டேன். "எடுக்கச் சொல்லலீங்க" என்றாய்.

இரண்டு நாள் கழித்து மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். உள்ளே வரமாட்டேன் என்று வாசற்படியிலேயே நின்றார். "அம்மிணி, வேணும்னு பண்ணலீங்க. சுட்டா எடுத்துக்குவான்னு நெனச்சனுங்க. யாரா இருந்தாலும் எடுத்துக்குவாங்கல்லங்க?" என்றார். அவர்மேல் கோபப்பட எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, முடியவில்லை. எல்லாரும் நினைப்பதைத்தான் அவரும் நினைத்தார். உனக்குச் சுடவில்லை என்பதில்லை. சுடுகிறது என்பது உனக்குத் தெரியும். ஆனால் பெரியவர் ஒருவர் சொன்னதை மறுத்துச் சொல்ல உன்னிடம் ஒரு வார்த்தைகூட இல்லை. அந்த இடத்தைக் காலியாக வைத்தது நான்.

பத்து வருஷம் கழித்து அதே மாடிக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு ஏறினேன். கிரேஸ் டீச்சருக்கும் தலையில் நரை. அப்பவே சொன்னேனே என்று அவர் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. "இவன் கடைசியா எப்ப மேடம் உங்ககிட்ட வேண்டாம்னு சொன்னான்?" என்று மட்டும் கேட்டார். யோசித்தேன். படியிறங்கும்போதும் யோசித்துக்கொண்டே இறங்கினேன். நினைவுக்கு வரவில்லை.

அடுத்த வாரம் அவர் ஒரு தாளில் கோட்டுச் சித்திரமாக அயர்ன் மேசையை வரைந்தார். இரண்டு ஆட்கள். ஒவ்வொருவர் வாயிலிருந்தும் ஒரு வட்டம், அதில் சொன்னதை எழுத வேண்டும். தலைக்கு மேல் மேகம் மாதிரி இன்னொன்று, அதில் நினைத்ததை எழுத வேண்டும். மாஸ்டரின் மேகத்தில் நீ ரொம்ப நேரம் ஒன்றும் எழுதவில்லை. டீச்சர் காத்திருந்தார். கடைசியில் 'சட்டை' என்று எழுதினாய். அது சரிதான், அவர் சட்டையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். உன் மேகத்தில் உடனே எழுதினாய்: 'சுடுது சுடுது சுடுது'. அதற்குக் கீழே, வாயிலிருந்து வந்த வட்டத்தில், அழகான கையெழுத்தில்: 'சரிங்க'. டீச்சர் உன் மேகத்தைத் தொட்டு, "இது அவருக்குத் தெரியுமாலே?" என்று கேட்டார். நீ தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாய். "அவரு படிக்கலீங்களா?" என்றாய். உன் தலைக்கு மேலிருப்பதை மற்றவர்களால் படிக்க முடியாது என்பது உனக்கு அன்றைக்குத்தான் தெரிந்ததோ என்னவோ. நான் முகம் கழுவுகிற சாக்கில் எழுந்து போனேன்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் நம் வீட்டில் நடந்த பயிற்சி உனக்கானது என்று நினைத்திருப்பாய். பாதி எனக்கானது. உனக்குப் பிடிக்காததை வேண்டுமென்றே நான் கொடுக்க வேண்டும், நீ 'வேண்டாங்க' சொல்ல வேண்டும், நான் உடனே எடுத்துக்கொள்ள வேண்டும். ஏன் என்று கேட்கவே கூடாது. டீச்சர் இதைத்தான் அழுத்திச் சொன்னார். கழுத்துப் பட்டை உறுத்துகிற அந்தப் பச்சைச் சட்டையை நீட்டினேன். நீ வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, "வேண்டாங்க" என்றாய். இருபது வருஷத்தில் நான் கேட்ட முதல் 'வேண்டாங்க'. நான் என்ன செய்தேன்? "ஏங்க, நல்லாத்தானே இருக்குது?" என்றேன். என் வாயிலிருந்து அதுவாகவே வந்துவிட்டது. உடனே நீ "சரிங்க" என்று சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டாய். அன்று முழுக்க கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தாய். அந்த 'ஏன்' என்கிற சொல்லை விழுங்கப் பழக எனக்கு உன்னைவிட அதிக நாள் ஆனது. இன்னும்கூட முழுதாகப் பழகவில்லை.

அவிநாசிபாளையத்துப் புதிய கம்பெனிக்கு டீச்சரே நம்மோடு வந்தார். உனக்கு மட்டும் பாடம் நடத்தினால் போதாது, உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் கொஞ்சம் நடத்த வேண்டும் என்பது அவர் கட்சி. டீ நேரத்தில் செக்கிங் மேசையைச் சுற்றி எட்டுப் பெண்கள். தம்பிக்கு நாங்க பேசறது புரியுங்களா என்று ஒருத்தி கேட்டாள். "நீங்க சொல்லுதது எல்லாம் புரியும். சொல்லாம உடுததுதான் புரியாது" என்றார் டீச்சர். உடனே அந்தப் பெண், "அப்ப எங்க ஊட்டுக்காரருக்கும் இதேதானுங்க டீச்சர், ஒரு அட்மிசன் போட்டுருங்க" என்றாள். மேசையே குலுங்கிச் சிரித்தது. டீச்சரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒன்றைச் சொன்னார்: "அவன் சரிங்கன்னா அதோட உட்டுராதீங்கக்கா. என்ன செய்யப் போறன்னு திருப்பிக் கேளுங்க. வேண்டாங்கன்னான்னா, அத்தோட உட்டுருங்க." நீ அப்போது சிவப்பு அம்பு ஸ்டிக்கர் தாளைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். துணியில் ஓட்டையோ கறையோ இருக்கிற இடத்தைக் காட்ட ஒட்டுகிற சின்ன அம்புகள். பழகிக்கொள்ளட்டும் என்று ஒரு தாளை உன்னிடமே கொடுத்தனுப்பினார்கள்.

அவர்கள் நல்லவர்களாகத்தான் தெரிகிறார்கள். ஆனால் எட்டுப் பேரும் எப்போதும் அங்கேயே இருக்க மாட்டார்கள். எனக்கு வருகிற யோசனைகளை எல்லாம் எழுதினால் இந்த இதழ் போதாது. தாராபுரம் ரோட்டு பஸ்ஸில் கூட்டத்தில் யாராவது 'இதை வெச்சுக்கோ, இறங்கும்போது வாங்கிக்கறேன்' என்றால்? அவிநாசிபாளையத்தில் இறங்கியதும் யாரோ ஒருவன் வண்டியை நிறுத்தி 'ஏறுப்பா' என்றால்? அறையைச் சாத்திக்கொண்டு ஒருவன் 'யார்கிட்டயும் சொல்லாத, சரியா?' என்றால்? அந்தக் கேள்விக்கு நீ என்ன பதில் சொல்வாய் என்று நினைத்தால் லேபில் கையிலிருக்கிற துண்டின் நிறம்கூட எனக்குத் தெரிவதில்லை. பெரியவர்கள், முதலாளி, மேஸ்திரி, நான், யாராக இருந்தாலும் உன் உடம்பு 'சுடுது' என்று சொல்கிற இடத்தில் 'ங்க' தேவையில்லை. கத்தலாம். கையை உதறலாம். தரையில்கூட உருளலாம். மரியாதை கெட்டவன் என்று ஊர் சொல்லட்டும், பந்தியில் நான் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். இதைத்தான் உனக்கு ஐந்து வயதில் சொல்லியிருக்க வேண்டும். திங்கட்கிழமை நானும் உன்னோடு பஸ்ஸில் வருகிறேன். முதல் ஒரு வாரம் மட்டும்.

இதுவரை எழுதிப் பிரிண்ட் எடுத்து, சனிக்கிழமை காலை உன்னிடம் கொடுத்தேன். இதழில் போடட்டுங்களா என்று கேட்டேன். "சரிங்க" என்றாய். அந்த 'சரிங்க'வை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? படித்துவிட்டுச் சொல்லுங்க என்றேன். அதற்கும் சரிங்க என்றாய். ஒரு மணி நேரம் உன் அறையில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தாள்களைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு நின்றாய். மூன்று இடங்களில் சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது.

முதல் அம்பு முதல் வரியில், உன் பெயரின்மேல். பேரு வேண்டாங்களா என்றேன். "வேண்டாங்க" என்றாய். எடுத்துவிட்டேன், இப்போது அந்த இடத்தில் 'கண்ணு' இருக்கிறது. இரண்டாவது, விரல்களின்மேல். நான் வலது கை, இரண்டு விரல் என்று எழுதியிருந்தேன். நீ இடது கையை என் கண்ணாடிக்கு நேரே நீட்டி, "மூணுங்க" என்றாய். அதையும் திருத்திவிட்டேன். மற்ற இடங்களில், 'நீ' என்று எழுதிய இடங்களில்கூட, அம்பு இல்லை. அவற்றுக்கு நீ சொன்ன 'சரிங்க'வை இப்போது நம்புகிறேன்.

மூன்றாவது அம்பு கடைசிப் பக்கத்தில். 'திங்கட்கிழமை நானும் உன்னோடு பஸ்ஸில் வருகிறேன்' என்கிற வரியில், 'நானும்' என்ற சொல்லைக் குறிபார்த்து, நேராக ஒட்டியிருந்தாய். பிசகு இருக்கிற இடத்தை விரல் வைத்த மாதிரி.

"நான் வரட்டுங்களா?" என்று கேட்டேன்.

நீ ஜன்னல் பக்கம் பார்த்தாய். "வேண்டாங்க."

ஏன் என்ற சொல் என் தொண்டைவரை வந்தது. பஸ், கூட்டம், வண்டி, சாத்தின அறை, எல்லாம் அதன் பின்னாலேயே வந்தன. நீ காத்துக்கொண்டிருந்தாய்.

"சரிங்க" என்றேன்.

அம்மா